அம்மணம் குற்றமா?

காரைக்காலில் நம் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். மகளும் மருமகனும் பிரான்சிலே. பேரன் பிறந்து எட்டு மாதம் ஆகிறது. பார்த்ததெல்லாம் கைப்பேசியின் கண்ணாடியில்தான். தொட்டுப் பார்த்ததில்லை, தூக்கிக் கொஞ்சியதில்லை. அண்மையில் மகள் ஒரு படம் அனுப்பினாள். குளிப்பாட்டித் துண்டின் மேல் கிடத்திய குழந்தை. இடுப்பிலே அரைஞாண் கொடி, பாட்டி இங்கிருந்து கொடுத்தனுப்பிய வெள்ளிக் கொடி. வேறு ஒரு நூலிழைகூட உடம்பில் இல்லை. வாய் கொள்ளாத சிரிப்பு! அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சுவரில் மாட்ட ஆசைப்பட்டார் பாட்டி. எட்டாத தொலைவில் இருக்கும் பேரனை எட்டிப் பிடிக்கும் ஏக்கம் அது.

கடைக்குப் போனார். கைப்பேசியை வாங்கிப் பார்த்த இளைஞர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதெல்லாம் நாங்க பிரிண்ட் போடுறதில்ல பாட்டி. கேஸாயிடும்."

"என் பேரன் தம்பி இது!"

"யாரா இருந்தா என்ன? துணியில்லாம இருக்கே."

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பாட்டியைப் பார்த்தார்களாம். வீடு வந்த பாட்டி நம்மிடம் கேட்டார்: "நான் என்னப்பா தப்புப் பண்ணிட்டேன்?"

அந்தக் கேள்விக்கு நாட்டிலே பதில் தேட வேண்டியிருக்கிறது. ஆகவேதான் எழுதுகிறோம்.

முதலில் அந்த இளைஞருக்காகப் பேசுவோம். அவர் அஞ்சியது வெறும் நிழலுக்கு அல்ல. 2012இல் வந்த போக்சோ சட்டம் கடுமையானது. கடுமையாக இருக்க வேண்டியதும்கூட. குழந்தைகளைக் காட்டும் ஆபாசப் படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்தவர் மீதான வழக்கை, 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வைத்திருப்பதும் சிக்கலாகும் என்று எச்சரித்தது. "குழந்தை ஆபாசப் படம்" என்ற சொல்லே தவறு, அது குழந்தையைச் சுரண்டிய கொடுமையின் பதிவு, அப்படியே அழைக்க வேண்டும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. நாம் வரவேற்கிறோம்.

ஆனால், தோழர்களே, அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சுரண்டல்! உச்சநீதிமன்றம் தேடச் சொன்னது சுரண்டலை. கடைக்கார இளைஞர் தேடியது துணியை. இரண்டும் ஒன்றா?

சட்டம் எதைத் தடுக்கிறது? பாலியல் செயலில் குழந்தையை ஈடுபடுத்திக் காட்டுவதை; பாலியல் இச்சைக்குக் குழந்தையைப் பயன்படுத்துவதை; குழந்தையை ஆபாசமாகச் சித்திரிப்பதை. அம்மணமாய் இருப்பதே குற்றம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. தாயின் திறந்த மேனியில் பிள்ளைகள் ஓவியம் வரைந்த வழக்கிலே, 2023 ஜூனில் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தாயை விடுவித்தது. அம்மணமும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்று தெளிவாக்கியது. நீதிபதிக்குத் தெரிந்த இந்த வேறுபாடு நம் பாட்டிமார்களுக்கு என்றைக்கோ தெரியும். காலை நீட்டி உட்கார்ந்து, நீட்டிய காலிலே பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கைகள் அவை. செங்கீரை, சப்பாணி என்று பருவம் பருவமாகப் பிள்ளையைப் பாடுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் கண்ட மொழி நம் மொழி. இந்த மண்ணிலா மழலையின் மேனி மானக்கேடு?

போகட்டும். கடைக்காரர் மறுத்துவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். இங்கேதான் பலர் அறியாத ஒரு பிரிவைக் காட்டுகிறோம். போக்சோ சட்டத்தின் 20ஆவது பிரிவு ஸ்டுடியோக்களையும் படக் கடைகளையும் பெயர் சொல்லியே அழைக்கிறது. எத்தனை பேர் வேலை செய்யும் கடையானாலும் சரி, குழந்தையைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கும் படம் கண்ணில் பட்டால், சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால், 21ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பாளர், தம் கீழ் வேலை செய்பவர் தொடர்பான குற்றத்தை மறைத்தால் 1 ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டி கொண்டுவந்த படம் குற்றமற்றது என்றால், மறுத்தது அவமதிப்பு. குற்றமுடையது என்றால், மறுத்ததோடு நின்றது கடமை தவறியது. "நாங்க போடுறதில்ல" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தால், கொடியவன் அடுத்த கடைக்குப் போவான். அல்லது கடைக்கே வராமல் கைப்பேசியிலேயே காரியத்தை முடிப்பான். காப்பாற்றப்பட்ட குழந்தை எது? காட்டுங்கள் பார்க்கலாம்! மறுப்பு காப்பாற்றுவது கடையை மட்டுமே. அதுவும் முழுதாக அல்ல.

கடைக்காரர் மருண்டால் ஒரு பாட்டியின் மனம் நோகும். பெரும் நிறுவனமும் அதிகாரமும் மருண்டால் என்ன நேரும்? இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறோம்.

குஜராத்திலே ஓர் இளம் பொறியாளர். தமக்கு இரண்டு வயதாயிருந்தபோது பாட்டி தம்மைக் குளிப்பாட்டும் படத்தைக் கூகுள் சேமிப்பகத்தில் ஏற்றி வைத்தார். படத்தில் இருந்த குழந்தை அவரேதான்! குழந்தைக் கொடுமைப் படம் என்று எந்திரம் முடிவு கட்டியது. 2023இல் கணக்கு முடக்கப்பட்டது. மின்னஞ்சலும் தொழில் தொடர்பும் அதோடு போயின. கடைசியில் அவர் உயர்நீதிமன்றத்தின் படியேறினார். 2024 மார்ச்சில் கூகுளுக்கும் அரசுகளுக்கும் நோட்டீஸ் போனது. தன்னைக் குளிப்பாட்டிய பாட்டியின் படத்துக்காகப் பேரன் நீதிமன்றம் போக நேர்ந்த காலம் இது!

இன்னொன்று அமெரிக்காவிலே. 2008இல் அரிசோனா மாநிலத்தின் பியோரியா நகரில், வால்மார்ட் கடையில் ஒரு குடும்பம் விடுமுறைப் படங்களை அச்சிடக் கொடுத்தது. அவற்றில் சில, மூன்று பெண் குழந்தைகளின் குளியல் நேரப் படங்கள். கடை காவல்துறைக்குச் சொன்னது. அதிகாரிகள் வந்தார்கள், நீதிமன்ற ஆணை இல்லாமலே குழந்தைகளைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தே பெற்றோரிடம் வந்து சேர்ந்தார்கள். குற்றச்சாட்டு? எதுவும் பதிவாகவில்லை. அப்படிப் பிரித்தது உரிமை மீறல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2018இல். பத்து ஆண்டு கழித்து வந்த நீதி, அந்த ஒரு மாதக் கண்ணீரைத் துடைக்குமா?

"அப்படியானால் குடும்பம் என்று சொன்னாலே கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்பவர் உண்டு. கூடாது! ஒருநாளும் கூடாது! 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், 53.22 விழுக்காடு குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கொடுமை செய்தவரில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். மாமன் என்பார், சித்தப்பன் என்பார். உறவுமுறை உத்தரவாதம் ஆகாது. ஆகவேதான் சொல்கிறோம்: துணியைப் பார்க்காதீர்கள், படத்தைப் பாருங்கள். எதைக் காட்டுவதற்காக எடுத்தது? முகமும் சிரிப்புமா, அல்லது மறைவிடம் மட்டுமா? குழந்தை விளையாடுகிறதா, அல்லது விளங்காத ஏதோ ஒன்றைச் செய்ய வைக்கப்பட்டிருக்கிறதா? அச்சம் தெரிகிறதா அதன் கண்ணிலே? இவை தெரிந்தால் தயங்காதீர்கள், காவல்துறையிடம் போங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. பழிவாங்கப் பொய் சொன்னவரையே தண்டிக்கிறது.

பெரியவர்களின் படம் வேறு கதை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, படத்தில் இருப்பவரின் சம்மதம். கணவன் கொண்டுவந்தான் என்பதாலே மனைவி சம்மதித்துவிட்டாள் என்று ஆகாது. அவள் உடல் அவளுடையது! எடுக்கச் சம்மதித்தவள் பரப்பச் சம்மதித்தவள் அல்ல என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. சம்மதம் தெரியாதபோது கடைக்காரர் கையை விலக்கிக்கொண்டால் அதை நாம் குறை கூறமாட்டோம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்க மாட்டோம். படம் கடைக்குள் போன பிறகு அது எங்கே தங்குகிறது? கணினியிலே ஒரு பிரதி, பென் டிரைவிலே ஒரு பிரதி, வேலை செய்யும் பையனின் வாட்ஸ்அப்பிலே ஒரு பிரதி! வாடிக்கையாளரின் படத்தைக் கண்டு வெட்கப்படுகிற கடை, தன் கணினியைக் கண்டு வெட்கப்பட வேண்டாமா? பாட்டியின் கையில் இருக்கும்வரை அது பேரன் படம். கடையிலிருந்து கசிந்து கயவன் கைக்குப் போனால் அதுவே கொடுமைக்குத் தீனி. குழந்தைக்கு ஆபத்து அச்சிடுவதில் இல்லை. அச்சிட்ட பின் அழிக்காமல் விடுவதில் இருக்கிறது.

ஆகவே காரைக்கால் மாவட்ட நிர்வாகத்தையும் காவல்துறையையும் கேட்டுக்கொள்கிறோம். ஊரிலுள்ள படக் கடைக்காரர்களை ஒருநாள் கூட்டி உட்கார வையுங்கள். 20ஆவது பிரிவு என்ன சொல்கிறது, எதைக் கண்டால் யாரிடம் சொல்வது, 1098 என்ற எண் எதற்காக இருக்கிறது என்று தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். தெரியாத சட்டம் பூச்சாண்டி. தெரிந்த சட்டம் துணை.

கடைக்காரத் தோழர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் சட்டத்துக்கு அஞ்சுவது சரி. ஆனால் அச்சத்தையே அறிவென்று கொள்ளாதீர்கள். குற்றமற்ற படத்தை அச்சிடுங்கள். அச்சிட்டதும் அழியுங்கள். அநீதி கண்டால் அறிவியுங்கள். இந்த மூன்றையும் ஒரு பலகையில் எழுதிக் கடை வாசலிலே மாட்டுங்கள்.

பாட்டிக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "நீங்க ஒரு தப்பும் பண்ணல." அவர் வீட்டுச் சுவரிலே ஆணி அடித்து வைத்திருக்கிறார். படம்தான் இன்னும் வரவில்லை.