எந்தப் படிப்பை எடுப்பது?



சபாக், சுங்கை பெசார், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில், எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்த வாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான் கேட்கும். "மேல என்ன படிக்கப் போற?" கேட்பவர் அப்பாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், தேநீர் குடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலப்பா" என்கிறது. "பதினேழு வயசாச்சு, இதுகூடத் தெரியலியா?" என்று அப்பாவுக்குக் கோபம் வந்துவிடுகிறது.

அந்தத் "தெரியலப்பா" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

தெரியவில்லை என்பது குற்றமன்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை எத்தனை வேலைகளைக் கண்ணால் பார்த்திருக்கும்? தண்டல், கிராணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர், மருந்தகத்தில் மருந்து கொடுப்பவர், லாரி ஓட்டுநர். பட்டணத்துக்குப் போனால் டாக்டரையும் வக்கீலையும் பார்த்திருக்கும். ஆகவே "என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால் டாக்டர், வக்கீல், டீச்சர் என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லும், இல்லையேல் வாய் திறக்காது. வாய் திறக்காத பிள்ளை சில வேளைகளில் அதிகமாக யோசிக்கிற பிள்ளை என்பதே நம் கருத்து.

பெரியவர்களுக்கு மட்டும் வருங்காலம் தெரிந்திருந்ததா? நம் மண்ணையே பாருங்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துவந்த ஊர், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. அதன் அருகேதான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரே நம் தமிழ்ப் பெயர்! அங்கே 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை நட்டார். இந்நாட்டில் வாணிக முறையில் அமைந்த முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். அதற்கு முன் சிலாங்கூரில் துரைமார்கள் காப்பியை நம்பினார்கள். காப்பி விலை விழுந்ததும் ரப்பரை நம்பினார்கள். 1960-ஆம் ஆண்டுகளுக்குப் பின் ரப்பர்க் காடுகள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டுச் செம்பனை வந்தது. பால் வெட்டப் பழகிய கைகள் குலை வெட்டப் பழகின. பணமும் நிலமும் வைத்திருந்த கம்பெனிகளுக்கே முப்பது ஆண்டுகளுக்கு அப்பால் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு மட்டும் எப்படித் தெரியும்?

"டாக்டர் வேலை அப்படியில்லை, அது என்றைக்கும் நிலையானது" என்று சிலர் சொல்வார்கள். அங்கும் காலம் மாறிவிட்டது. அரசாங்க மருத்துவமனையில் சேரும் புதிய மருத்துவர்களுக்கு முன்பெல்லாம் நிரந்தரப் பணி கிடைத்து வந்தது. 2016 டிசம்பர் முதல் அவர்களை ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கினார்கள். 2021 ஜூலை 26-ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் பல மருத்துவமனைகளில் வெளிநடப்புச் செய்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். மருத்துவம் படிக்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. வேலை உறுதி என்ற ஒரே காரணத்துக்காக, விருப்பமில்லாத பிள்ளையை அதில் தள்ளாதீர்கள் என்கிறோம்.

பட்டப்படிப்புகளில் இரு வகை உண்டு. ஒரு வகை, நேரே ஒரு தொழிலுக்கு மட்டும் கொண்டுபோய் விடுவது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், சட்டம் போன்றவை இவ்வகை. இவற்றைப் படித்தால்தான் அந்தத் தொழிலைச் செய்ய முடியும்; வேறு பட்டம் பெற்றவர் பின்னால் மருத்துவராக விரும்பினால் முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான். மற்றொரு வகை, பல பக்கம் வழி திறப்பது. கணிதம், வேதியியல், இயற்பியல், உயிரியல், பொருளியல், கணினி, மொழித்துறைகள் ஆகியன இவ்வகை.

வேதியியலையே எடுத்துக்கொள்வோம். நம் தோட்டத்து எண்ணெய் ஆலையில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறதே, அங்கே எண்ணெயில் எவ்வளவு ஈரம், எவ்வளவு கொழுப்பமிலம் என்று நாள்தோறும் அளக்கிறார்கள். அந்த வேலைக்கு வேதியியல் வேண்டும். உரம், சவர்க்காரம், உணவுப்பொருள் செய்யும் தொழிற்சாலைகளுக்கும் வேண்டும். குடிநீரைச் சோதிக்கவும் வேண்டும். பட்டம் பெற்றபின் ஆசிரியராக ஆசை வந்தால், பட்டதாரிகளுக்குரிய கல்வியியல் டிப்ளோமா பயின்று இடைநிலைப்பள்ளிக்குப் போக வழியுண்டு. ஆனால் மருத்துவப் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டு வந்த பிள்ளையின் கையில் என்ன இருக்கும்? பெரும்பாலும் கடன்தான் இருக்கும்.

ஆகவே, மனம் ஒரு தொழிலில் பதிந்துவிட்ட பிள்ளை முதல் வகைக்குத் தாராளமாகப் போகட்டும். மனம் பதியாத பிள்ளைக்கு இரண்டாம் வகையே நல்லது. தொழிலை மூன்று நான்கு ஆண்டு கழித்து முடிவு செய்யலாம். பாடத்தை மட்டும் இப்போது முடிவு செய்தால் போதும்.

பாடத்தை எப்படி முடிவு செய்வது? மதிப்பெண் ஒன்றே அளவுகோலாகாது. யாரும் சொல்லாமலே பிள்ளை எந்தப் புத்தகத்தை எடுத்து உட்காருகிறது, எந்தப் பாடத்தில் சந்தேகம் வந்தால் விடாமல் துருவுகிறது என்பதைக் கவனியுங்கள். இதைத் தாய்மார்களே நன்கு அறிவார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியரிடமும் கேட்டுப் பார்க்கலாம். அடுத்து, படிப்பின் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. இக்காலத்தில் படிப்புகளுக்கு மிக அழகான பெயர்கள் வைக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு, முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் என்னென்ன பாடம் நடத்துகிறார்கள் என்ற பட்டியலைப் படியுங்கள். அதில் பாதிக்கு மேல் பிள்ளைக்குப் பிடிக்காத பாடமென்றால், பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாம் படிவத்தில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பழைய முறை போய், பாடத் தொகுப்பு முறை வந்துவிட்டது. விருப்பம் கூடியிருக்கிறது, கவனக்குறைவாக ஒரு கதவை மூடிக்கொள்ளும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. கூடுதல் கணிதத்தையும் இயற்பியலையும் விட்ட பிள்ளைக்குப் பொறியியல் எட்டாமற் போகலாம். உயிரியலையும் வேதியியலையும் விட்டால் மருத்துவப் பக்கம் திரும்ப முடியாது.

எஸ்.பி.எம்.முக்குப் பின் எந்த வழி? மெட்ரிகுலேஷன் கிடைத்தால் பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும், விரைவான வழிதான். ஆனால் முடிவெடுக்கக் காலம் வேண்டும் என்ற பிள்ளைக்கு ஆறாம் படிவம் பொருத்தமானது என்பது நம் எண்ணம். மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு. பல்கலைக்கழகத்தை விடச் செலவும் குறைவு. நல்ல எஸ்.டி.பி.எம். தேர்ச்சி இருந்தால், அதே சான்றிதழைக் கொண்டு பல துறைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆறாம் படிவம் என்றதும் முகஞ்சுளிக்கிறார்கள். ஏனென்று நமக்கு விளங்கவில்லை.

கையால் செய்து கற்பதில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது. நம் சபாக் பெர்ணம் மாவட்டத்திலேயே, சுங்கை ஆயர் தாவாரில் சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் இயங்குகிறது. சிவில், மின்னியல், இயந்திரவியல், வணிகம் எனப் பல டிப்ளோமாக்கள் உண்டு. டிப்ளோமா முடித்தபின் பட்டப்படிப்புக்கும் போகலாம். வீட்டுக்கு அருகில் என்பதால் அதைத் தாழ்வாக நினைப்பவர்கள் உண்டு. தொலைவில் இருப்பதெல்லாம் உயர்ந்தது என்று யார் சொன்னது?

ஆசிரியர் தொழிலில் மனமுள்ளவர்களுக்குத் தஞ்சோங் மாலிமும் தொலைவன்று. சபாக்கில் கடலை அடையும் பெர்ணம் ஆறு, மேலே அந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. 1922-இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. தமிழ்மொழிக் கல்வியிலும் அங்கே பட்டம் பெறலாம்.

இனி விண்ணப்பம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூ.பி.யூ. வழியாக மனுச் செய்யும்போது, கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பத்தைச் சிறிதென்று விட்டுவிட வேண்டாம். திடலில் ஓடியதும், சீருடை இயக்கத்தில் நின்றதும் அங்கேதான் பயன்படுகின்றன. விருப்ப வரிசையை நிரப்பும்போது, காலியாக இருக்கிறதே என்று கடைசி இடங்களில் கண்ட படிப்பையும் எழுதிவிடுகிறார்கள். பிறகு அதுவே கிடைத்ததும் வீட்டில் அழுகை. கிடைத்தால் போய்ப் படிப்பேன் என்ற படிப்பை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

தனியார் கல்லூரியென்றால், பணம் கட்டுமுன் அந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணினியில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். பி.டி.பி.டி.என். கடன் கிடைக்கிறதே என்று மகிழ்வதோடு, அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதையும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. பிள்ளை படிப்பை முடிக்காமல் வந்தாலும் கடன் நிற்கும். அப்படியொரு சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு அது பெரும் பாரம்.

எல்லாம் பார்த்துச் சேர்ந்த பின்னும் படிப்புப் பிடிக்காமற் போவதுண்டு. அப்போது பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லப் பயப்படும். "எங்கள் பெயரைக் கெடுக்காதே" என்று சொல்லி அனுப்பியிருந்தால் இன்னும் பயப்படும். துறை மாற்றம் கேட்பதானால் முதலாண்டிலேயே, முடிந்தால் முதல் பருவத்திலேயே, துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும். நாளாக ஆக அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே முதல் பருவ விடுமுறைக்குப் பிள்ளை வீடு வந்ததும், மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னால், படிப்புப் பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள்.