கறுப்புத் திரையின் கடைசி வரி

உபுண்டு போட்ட கணினியை ஆன் செய்கிறீர்கள். கறுப்புத் திரையில் ஒரே வரி: ஹார்ட் டிஸ்க் பகுதியின் பெயர், பக்கத்தில் 'கிளீன்', பிறகு கோப்புகள் இத்தனை, பிளாக்குகள் இத்தனை என்று எண்கள். அதோடு சரி, எதுவும் நகரவில்லை. டிஸ்க் போய்விட்டது என்று பலரும் பதறுவது இங்கேதான். அந்த வரி சொல்வதோ நேர்மாறு: அந்தப் பகுதியின் கோப்பு அமைப்பைப் பார்த்தாயிற்று, அதில் பழுது தெரியவில்லை. அடுத்து வரவேண்டிய லாகின் திரைதான் வரவில்லை.

பூட் ஆகும்போது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், தான் செய்வதையெல்லாம் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போகும். வரியின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது, கர்னல் தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்ற கணக்கு. செய்திகளுக்கு 0 முதல் 7 வரை தரம் உண்டு. 0 என்றால் கணினியே படுத்துவிட்டது. 7 என்றால் நிரல் எழுதுபவர்களுக்கான குறிப்பு. பார்ப்பவர் மிரளக்கூடாதென்று 'குவயட்', 'ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களால் இதையெல்லாம் மூடிவிட்டு லோகோவைக் காட்டுகிறார்கள். ஆனாலும் 3 வரையிலான பிழைச் செய்திகள் எட்டிப்பார்க்கும். ஏசிபிஐ பிழை என்று வருபவை பெரும்பாலும் மதர்போர்டு பயாஸ் எழுதியவர்களின் அசட்டை. கணினி ஒழுங்காக ஓடினால் கண்டுகொள்ள வேண்டாம்.

திரைக்கு வருவோம். 2009-இல் வந்த கர்னலின் 2.6.29 பதிப்பில், இன்டெல் கிராஃபிக்ஸில் தொடங்கி, திரையின் ரெசல்யூஷனை அமைக்கும் வேலையைக் கர்னலே எடுத்துக்கொண்டது. டிரைவர் அங்கே சொதப்பினால் திரை இருண்டுவிடும். என்விடியா கார்டுகளில் இது அதிகம். கர்னல் அப்டேட் ஆகியிருக்கும், அதற்கேற்ற டிரைவர் உருவாகியிருக்காது. அல்லது கையொப்பமில்லாத டிரைவரை செக்யூர் பூட் உள்ளே விட்டிருக்காது.

பூட் ஆகும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையால் கிரப் என்ற பூட் மெனுவை வரவழையுங்கள். ஆங்கில 'இ' விசையைத் தட்டினால் சில வரிகள் தெரியும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் குவயட், ஸ்பிளாஷ் இரண்டையும் அழித்து, திரையை அமைக்கும் வேலையைக் கர்னல் செய்யாமல் தடுக்கும் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்து எஃப்10-ஐ அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், எனவே பயமில்லை. லாகின் திரை வந்தால் குற்றவாளி டிரைவர்தான், சரியானதை நிறுவுங்கள். நோமோட்செட்டையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்: ரெசல்யூஷன் குறையும், வீடியோ திணறும்.

நோமோட்செட் சேர்த்தும் லாகின் திரை வரவில்லையா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துத் திரை கிடைக்கும். அங்கே ஜர்னல்சிடிஎல் கட்டளை, போன பூட்டில் வந்த பிழைகளையும் எடுத்துக்காட்டும். லினக்ஸையே அழித்துவிட்டு மறுபடி போடுவதற்கு முன் அதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.