ஊர் மாறும் தாயைத் தொடரும் பதிவு

வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். அன்பான வழக்கம்தான். ஆனால் ரத்த அழுத்தம் ஏறக்கூடிய, ரத்தசோகை முற்றக்கூடிய கடைசி மூன்று மாதங்களில்தான் அவள் ஊர் மாறுகிறாள். அதுவரை பார்த்துவந்த கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு மாவட்டம், இனிப் பார்க்க வேண்டியவர் வேறு மாவட்டம். குழந்தையோடு மூன்றாம் மாதம் புகுந்தவீடு திரும்பும்போது, பதினான்காம் வாரத் தடுப்பூசியும் அதே குழப்பத்தில் சிக்குகிறது. எனவே கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கண்காணிக்கத் தமிழ்நாடு வைத்திருக்கும் பிக்மி இணையப் பதிவை அதில் எத்தனை பேர் பதிந்தார்கள் என்று பார்த்து மதிப்பிடக் கூடாது. ஊர் மாறிய தாயை அது தொடர்கிறதா என்பதே கேள்வி.

பிரசவம் எங்கே நடக்கிறது என்ற பிரச்சினையை நாம் பெரும்பாலும் தீர்த்துவிட்டோம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். 2018-20-இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97, இங்கே 54. ஆனால் அந்தக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மருத்துவமனைக்கு வருகிறார்கள், பரிசோதனையும் நடக்கிறது, ரத்தம் மட்டும் ஊறவில்லை. ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் முதலில் 9.8, பிறகு 8.9, பிறகு 8.1 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி 8.1-ஐ மட்டும் தனியாகப் பார்க்கும் புதிய செவிலியர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். மூன்றையும் வரிசையாகப் பார்ப்பவருக்கு, மாத்திரை உடம்பில் சேரவில்லை அல்லது அவள் விழுங்கவே இல்லை என்பது புரியும். ஊசிவழி இரும்புச்சத்து பற்றி மருத்துவர் அன்றே முடிவெடுக்கலாம். கணினிப் பதிவின் பலன் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

'ஊசி போடுவதா, டைப் அடிப்பதா' என்ற செவிலியர்களின் மனக்குறை நியாயமானது. சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே நோட்டிலும் எழுதி கணினியிலும் ஏற்றச் சொன்னால் வீடு தேடிப் போகும் நேரம் குறையும். ஆய்வுக் கூட்டத்தில் காலிக் கட்டங்களுக்கே விளக்கம் கேட்டால், அளக்காத ரத்த அழுத்தமும் 120/80 ஆகப் பதிவாகும்; பொய்ப் பதிவு வெற்றிடத்தைவிட ஆபத்து. இதற்காகக் கணினியைக் கைவிட வேண்டியதில்லை, கைவிட வேண்டியது இரட்டை வேலையை. ஒரு மாற்றம் கட்டாயம் தேவை: ஊர் மாறும் பெண்ணைப் புதிய செவிலியர் நேரில் பார்த்துப் பதியும்வரை, பழைய செவிலியரின் திரையில் அவள் பெயர் மறையக் கூடாது. கூட்டத்தில் கேட்க வேண்டியதும் அந்த ஒப்படைப்பைத்தான்.

இன்னொரு எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. பிறப்புச் சான்றிதழுக்கும் மகப்பேறு நிதியுதவிக்கும் பிக்மியில் பதிந்ததும் கிடைக்கும் எண் கேட்கப்படுவதால், பதியாதவள் தண்டிக்கப்படுகிறாள் என்கிறார்கள். கட்டாயம் பதிவைப் பெருக்கியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கட்டடவேலைக்கு வந்த வெளிமாநிலப் பெண்ணும், கர்ப்பத்தை வெளியே சொல்ல அஞ்சும் மணமாகாத பெண்ணும்தான் மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்பட வேண்டியவர்கள். பயந்து ஒதுங்குபவர்களும் அவர்களே. எண் இல்லாமல் பிரசவ வலியோடு வருபவளுக்கு, கணவர் பெயர் கேட்டு அலைக்கழிக்காமல், பிரசவ வார்டிலேயே எண் தர வேண்டும். பிறந்த அன்று குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியே அந்த எண்ணின் முதல் பதிவாக இருக்கட்டும்.