'என் எவுரோஸ், போர் ஃபவோர்!' ஸ்பெயினில் கார்டை நீட்டும் முன்...

திருச்சி - கரூர் சாலையில், காவிரியும் வாழைத் தோப்புமாக இருக்கும் ஊர் ஜீயபுரம். இந்தப் பக்கம் ஏ.டி.எம்.முக்குள் நுழைந்தால், 'தமிழ்' என்ற பட்டனை அழுத்திவிட்டு நிம்மதியாகப் பணம் எடுக்கலாம். ஆனால், ஸ்பெயினில் படிக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் அப்பா, அம்மாவுக்கு அந்தப் பட்டன் கிடைக்காது.

'ஏ.டி.எம்.மில்தான் ஆங்கிலம் இருக்குமே?' என்று கேட்கலாம். பெரும்பாலும் இருக்கும். ஆனால், சின்னக் கடைக்காரரின் கையில் இருக்கும் கார்டு மெஷின் அவர் மொழியில்தான் கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்கு நமக்குப் பதிலாக அவரே பட்டனை அழுத்திவிட்டால், நஷ்டம் நமக்கு!

எந்தக் கேள்வி அது?

'யூரோவில் கட்டுகிறீர்களா, இந்திய ரூபாயிலா?' என்பதுதான். ரூபாய் என்றதும் நம்மவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர்களே நிர்ணயிப்பார்கள். கணக்குக்காக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் அதை 108 ரூபாயாகக் காட்டினால், 100 யூரோ பில்லுக்கு 800 ரூபாய் கூடுதலாகப் போய்விடும். யூரோவில் கட்டினாலும் நம் வங்கி தன் கட்டணத்தை எடுக்கும். ஆனாலும் பொதுவாக அதுவே குறைவு.

எனவே முதலில் மனப்பாடம் செய்யவேண்டிய வாசகம் இதுதான்:

* என் எவுரோஸ், போர் ஃபவோர் - தயவுசெய்து யூரோவில் போடுங்கள்.

ஏ.டி.எம். திரையிலும் இதே கேள்வி வரும். 'சின்' (எஸ், ஐ, என்) என்றால் 'இல்லாமல்'. 'கோன்' (சி, ஓ, என்) என்றால் 'உடன்'. 'சின் கொன்வெர்சியோன்', அதாவது 'மாற்றம் இல்லாமல்' என்பதையே அழுத்துங்கள்.

கைகொடுக்கும் மற்ற வாசகங்கள்

* புவேதோ பகார் கோன் தர்ஹேத்தா? - கார்டில் கட்டலாமா?
* தோந்தே ஐ உன் கஹேரோ? - ஏ.டி.எம். எங்கே இருக்கிறது?
* எஃபெக்தீவோ - ரொக்கம்.
* எல் கஹேரோ சே ஆ த்ரகாதோ மி தர்ஹேத்தா - ஏ.டி.எம். என் கார்டை விழுங்கிவிட்டது.
* மே ஆன் ரொபாதோ லா தர்ஹேத்தா - என் கார்டைத் திருடிவிட்டார்கள்.

கிளம்பும் முன் ஊரிலேயே...

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் ஆப்பிலோ வங்கியிலோ திறந்துவைக்க வேண்டும். அங்கேயே எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்பையும் வைத்துவிடலாம். சாதாரண ரூபே கார்டு வெளிநாட்டில் பொதுவாகச் செல்லாது. அது சர்வதேசக் கார்டுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கியின் 1800 இலவச எண் வெளிநாட்டிலிருந்து கிடைக்காமல் போகலாம். +91 என்று தொடங்கும் எண்ணைக் கேட்டு, செல்போனில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதிவையுங்கள். செல்போனும் சேர்ந்து தொலைந்தால் அந்தத் தாள்தான் துணை!

கார்டு தொலைந்தால் முதல் வேலை, அதை முடக்குவது. மூன்றாம் நபர் செய்த மோசடியில், நம் தரப்பிலும் வங்கி தரப்பிலும் தவறு இல்லாமலிருந்து, வங்கி தெரிவித்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நமக்கு இழப்பு இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. பின் நம்பரை நாமே யாருக்காவது சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஜீயபுரமோ பார்சிலோனாவோ, திரை புரியவில்லை என்று பக்கத்தில் நிற்பவரிடம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்துவிடாதீர்கள். 'கேன்சல்' அழுத்தி, கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனால் போயிற்று!