பச்சை ஓக்கும் மர ஆணியும்

கறுத்த சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்கும் ஓர் இங்கிலாந்து கிராமத்து வீட்டின் படத்தை அனுப்பி, ‘இரும்பு ஆணியே இல்லையாமே, எப்படி நிற்கிறது?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். படத்தில் இருப்பது வொர்செஸ்டர்ஷையரின் பிரெட்ஃபோர்ட்டன் கிராமத்து ஃபிளீஸ் இன். 15ஆம் நூற்றாண்டில் மனிதரும் மாடும் ஒரே கூரையடியில் வாழக் கட்டிய பண்ணை வீடு. 1848இல் பப் ஆனது.

இத்தகைய வீடுகளில் பாரம் தாங்குவது ஓக் சட்டம்தான். நடுவே கழிகளைப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் குழைத்துப் பூசியது வெறும் அடைப்பு.

ஓக் காய்ந்தால் உளி இறங்காது. அதனால் வெட்டிய ஈரத்தோடே இழைத்தார்கள். ஒரு சட்டத்தின் நுனியில் கழுந்து, அடுத்ததில் அது நுழையும் குழி, இரண்டையும் ஊடுருவ ஒரு மர ஆணி. என்னை மயக்குவது இந்த ஆணிக்கான துளைதான். கழுந்தில் உள்ள துளையைத் தச்சர் வேண்டுமென்றே சில மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார். காய்ந்த ஓக்கில் செதுக்கிய ஆணி அந்தக் கோணல் வழியில் வளைந்து இறங்கும்போதே மூட்டை இழுத்து இறுக்கிவிடும். எங்கள் ஊர் வீட்டுக் கதவை வெடுக்கென்று இழுத்துப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் விழும். விழுந்தபின் ஆடிக்காற்றுக்கும் கதவு அசையாது. அதே சூட்சுமம். பச்சைச் சட்டம் ஆண்டுக்கணக்கில் சுருங்கிக் கோணினாலும் மூட்டு விடாது.

எல்லாவற்றையும் முதலில் தரையில் கோத்துப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு ரோமன் எண்களை உளியால் கீறி, பிரித்து எடுத்துப்போய் நிறுத்துவார்கள். பல வீடுகளில் அந்தக் கீறல்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

இவற்றுக்கு எமன் சிமெண்ட். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே பூட்டி ஓக்கை மக்க வைக்கும். விரிசலைக் கண்டதும் சிமெண்ட் குழைக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஃபிளீஸ் இன்னை 1977இல் அதன் உரிமையாளர் லோலா டாப்ளின் உயில் வழியாக, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டுக்குத் தந்தார். 2004இல் கூரை தீப்பிடித்தபோதும் பழுதுபார்த்துத் திறந்தார்கள். 1765இல் பண்ணை வீடாகக் கட்டிய ஸ்டாஃபோர்ட்ஷையரின் குரூக்ட் ஹவுஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2023 ஆகஸ்டில் எரிந்தது. இரண்டே நாளில் இடித்துத் தள்ளினார்கள். திரும்பக் கட்டச் சொல்லி 2024இல் உள்ளூர் கவுன்சில் உத்தரவிட்டது. இடித்த பிறகு வந்தாலும், சரியான உத்தரவு.