தடம் மாறும் இடம்

இரயிலில் செல்லும்போது பாதை பிரியும் இடத்தில் பெட்டி தடதடவென்று அதிர்வதை நாம் அனைவரும் உணர்ந்திருக்கிறோம். அங்கே நிகழ்வது என்ன? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலர் பொழுதுபோக்காக அமைக்கும் மாதிரி இரயில் பாதை இதனைத் தெளிவாகக் கற்பிக்கிறது.

பரவலாக வழங்கும் 'எச்.ஓ.' அளவில் உண்மை இரயில் ஏறத்தாழ 87-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது; 1435 மில்லிமீட்டர் பாதை அகலம் 16.5 மில்லிமீட்டராகிறது. கிளைப்பாதைகள் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பினும், தாம் விரும்பும் வளைவு வேண்டுவோர் கையாலேயே செய்துகொள்கின்றனர். செம்புத் தகடு ஒட்டிய கட்டைகளை வரைபடத்தின்மேல் அடுக்கி, அவற்றில் தண்டவாளங்களை ஈயம் கொண்டு பற்றவைக்கின்றனர். இரு தண்டவாளங்களிலும் மின்சாரம் ஓடுவதால், ஒவ்வொரு கட்டையின் செம்பையும் நடுவே கீறித் துண்டிக்க வேண்டும். மறந்தால் குறுக்குமின்னோட்டம் ஏற்படும்.

இதில் முக்கிய உறுப்புகள் மூன்று. முதலாவது, அசையும் நாக்குத் தண்டவாளம். அதன் நுனியைக் கத்திபோல அராவிப் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்கச் செய்ய வேண்டும். இரண்டாவது, இரு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கூர்முனை. அமெரிக்கர் இதனைத் 'தவளை' என்கின்றனர். சக்கரத்தின் விளிம்பு கடந்து செல்ல இங்கே இடைவெளி விட்டே ஆக வேண்டும். மூன்றாவது, கூர்முனைக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள காப்புத் தண்டவாளம்.

வண்டி கூர்முனையில் தடம் புரண்டால், பழகாதவர் கூர்முனையையே மீண்டும் மீண்டும் அராவுவர். பிழையோ பல வேளைகளில் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை அல்லவா? இடைவெளியைக் கடக்கும் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. அதன் இணைச் சக்கரத்தை உட்புறமாகப் பற்றி, இருவரையும் நேர்வழியில் செலுத்துவது காப்புத் தண்டவாளமே.

ஆகவே, கூர்முனைக்கும் காப்புத் தண்டவாளத்தில் சக்கரம் உரசும் முகத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை அளக்க வேண்டும். அது குறைந்தால் சக்கரம் முனையில் மோதும். மிகுந்தால் விளிம்பு நெருக்குண்டு ஏறிவிடும். இதனைச் சோதிக்க, 1935-இல் தோன்றிய அமெரிக்க தேசிய மாதிரி இரயில் சங்கம் வகுத்த அளவுத் தகடு உண்டு. பின்னர் ஒற்றைப் பெட்டியை விரலால் மெல்லத் தள்ளி, இரு திசையிலும் தட்டாமல் செல்கிறதா என்று பார்த்த பின்னரே எஞ்சினை ஓட்ட வேண்டும்.

நம் நாட்டின் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையிலும் விதி இதுவே. அடுத்த முறை நடைமேடையில் காத்திருக்கும்போது, பாதை பிரியும் இடத்தைக் கூர்ந்து நோக்குங்கள். கூர்முனைக்கு எதிரே அடக்கமாகக் கிடக்கும் அச்சிறு தண்டவாளம் கண்ணில் படும். பிழை தெரியும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் மற்றொன்று என்பதை அது நமக்குச் சொல்லாமற் சொல்லும்.