பிரேக் பிடிக்கவில்லை என்றால் பொறுப்பு யாருடையது?

விபத்துச் செய்தியில் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று வந்துவிட்டால், இடி விழுந்தது மாதிரி விதியின் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சட்டம் அப்படி விடுவதில்லை. இயந்திரக் கோளாறுதான் காரணம் என்று சொல்லும் உரிமையாளர், அது வெளியே தெரியாத கோளாறு, நியாயமான கவனத்தோடு பராமரித்தும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று தானே காட்ட வேண்டும். 1977-இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவும் இதே வழிதான். சாதாரணக் கவனம் இருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தான கோளாறோடு வண்டியை ஓட்டினால் அபராதம்; அதனால் யாருக்காவது காயம் பட்டால் மூன்று மாதம் வரை சிறையும் கிடைக்கலாம்.

துருப்பிடித்த பிரேக் பைப் குனிந்து தேடினால் தெரிந்துவிடுகிற கோளாறு. பதினைந்து வருடம் ஓடிய காரின் அடியில், என்ஜின் பக்கமிருந்து பின் சக்கரம் வரை ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் இரும்புக் குழாய்கள் ஓடும். கண்ணில் படுகிற நீளம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். வினை, குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில். அங்கே சேறும் ஈரமும் தங்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி வண்டி என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். கிளிப்பைத் தூக்கிவிட்டு விரல் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்கிறதா பாருங்கள். பழைய கார் வாங்கும்போது அடிப்பாகம் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் பளபளத்தால், சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

பெடலை ஓங்கி மிதிக்கும்போது அந்தக் குழாய்க்குள் டயர்க் காற்றைவிட முப்பது மடங்கு அழுத்தம்கூட ஏறும். அரித்த குழாய் நீங்கள் நிதானமாக ஓட்டும்போது தாங்கிவிடும். குறுக்கே ஆள் வந்து அவசரமாக மிதிக்கும் நேரத்தில்தான் வெடிக்கும். ஆயில் இரண்டு தனிப் பாதைகளில் ஓடும் இரட்டைச் சுற்று பிரேக் என்றால் பாதியாவது மிஞ்சும். ஒற்றைச் சுற்று உள்ள மிகப் பழைய வண்டிகளில் அதுவும் இல்லை.

அதனால் ஒட்டுவேலைக்குச் சம்மதிக்காதீர்கள். ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் வெட்டி, நடுவில் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற மாதிரி ஜாயிண்ட் போடுவது பிரேக்குக்கு ஆகாது. ஏ.சி. வேலைக்கு வரும் வெறும் செம்புக் குழாயும் வேண்டாம். அதிர்வில் இறுகி விரிசல் விடும். கம்பெனி இரும்புப் பைப், இல்லையென்றால் பிரேக்குக்கென்றே வரும் செம்பு-நிக்கல் கலவைப் பைப். நுனியை மடிக்கும் ஃபிளேரிலும் கவனம் வேண்டும்: ஜப்பானிய வண்டிகளில் பொதுவாக இரட்டை மடிப்பு, பல ஐரோப்பிய வண்டிகளில் குமிழ் வடிவம். ஒன்றுக்கு மற்றதைப் போட்டு இறுக்கினால், முதலில் கசியாவிட்டாலும் பிறகு கசியலாம். வேலை முடிந்ததும் புது பிரேக் ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்கச் சொல்லுங்கள். பெடல் மெத்தென்று உள்ளே போனால் வண்டியை எடுக்காதீர்கள்.

பிரேக் பைப்பைப் போலவே கவனிக்க வேண்டியது பெட்ரோல் ஓஸ். அது இன்னும் மலிவு. ஆனால் ஆபத்து சிறிதல்ல. கார்புரேட்டர் வண்டிக்கான ஓஸ் குறைந்த அழுத்தத்துக்கானது. எம்.பி.எஃப்.ஐ. என்கிற இன்ஜெக்‌ஷன் வண்டியில் சுமார் மூன்று பார் அழுத்தம் இருக்கும். அங்கே அதைப் போட்டால் கசிவு சொட்டாக விழாது, சூடான என்ஜின்மேல் புகைபோலப் பீய்ச்சும். இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் சிலவற்றை எத்தனால் பதம்பார்க்கும். எத்தனால் தாங்கும், இன்ஜெக்‌ஷன் அழுத்தம் தாங்கும் ஓஸ் என்று கேட்டு வாங்குங்கள். மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டே பட்டறைக்குப் போகாதீர்கள், ஆளை வரவழையுங்கள்.

இனி காசு கொடுத்தவரின் உரிமை. தெரிந்த மெக்கானிக்கிடம் 'பில் போடுங்கண்ணே' என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு ரசீது தராததே முறையற்ற வணிக நடைமுறை. எந்தப் பைப், எந்த ஓஸ், எந்த பிரேக் ஆயில், என்ன தேதி, எத்தனை கிலோமீட்டர் என்று அதில் இருக்கட்டும். கழற்றிய பழைய பைப்பையும் கேட்டு வாங்குங்கள். விபத்து என்று வந்தால், நீங்கள் கவனமாகத்தான் பராமரித்தீர்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் பேசும். வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்சூரன்ஸ் பாலிசியிலும் உண்டு. தேய்மானத்தால் வரும் செலவை அது தராது.

வேலை சரியில்லை என்றால் முதலில் பட்டறைக்கு எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு பதிவு இருப்பது நல்லது. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை; நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சொந்தக் காரை டாக்சியாக ஓட்டிப் பிழைப்பவரும் சட்டப்படி நுகர்வோர்தான். கெடு இரண்டு ஆண்டு. வேறு மெக்கானிக் அந்த வேலையைக் கழற்றுவதற்கு முன்பு, கசியும் இடத்தைத் தேதியோடு படமெடுத்து, அவர் கண்டதை அவர் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.